வெட்டிய நான்கு நாள்களைத் திருப்பித் தாருங்கள்

பெறுநர்: மாணவர்களை நேபாளத்துக்கு, எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு அழைத்துச் செல்லும் பள்ளி, கல்லூரி நிர்வாகிகளும் பயண ஏற்பாட்டாளர்களும்

பார்வைக்கு: தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை, உயர்கல்வித் துறை

உங்களில் ஒருவர் பெற்றோருக்கு அனுப்பிய பயணத் திட்டம் எங்கள் முன் இருக்கிறது. 14 வயதிலிருந்து 19 வயது வரை 24 மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். சென்னையில் ஏறி சென்னையில் இறங்க 11 நாள். முதல் இரவு காட்மாண்டு. மறுநாள் லுக்லாவுக்கு விமானம், இரவு பாக்டிங். அடுத்தடுத்த இரவுகள் நாம்சே, தெங்போசே, டிங்போசே, லொபுசே, கோரக்‌ஷெப். ஏழாம் நாள் அடிவார முகாமில் பள்ளிப் பதாகையோடு படம். நடுவில் ஓய்வு நாள் ஒன்றுகூடக் கிடையாது. விமானம் ரத்தானால் சமாளிக்க உபரி நாளும் கிடையாது. குறைந்த நாள், குறைந்த செலவு என்று தலைப்பிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள்.

இதே பாதையில் பொறுப்பானவர்கள் போடும் திட்டம் நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போசேயில் இரண்டு இரவு தங்கும். லுக்லா விமானத்துக்கென்று இரண்டு நாள் கையிருப்பில் இருக்கும். மொத்தம் 15 நாள். நீங்கள் வெட்டியிருப்பது சரியாக அந்த நான்கு நாள்களைத்தான். உணவு, தங்கும் அறை, கைடு சம்பளம் என்று அதில் மிச்சமாகும் தொகையைக் கணக்குப் போட்டிருப்பீர்கள். மற்ற கணக்கை நாங்கள் போட்டுக் காட்டுகிறோம்.

பாக்டிங் 2,610 மீட்டர். நாம்சே 3,440. தெங்போசே 3,860. டிங்போசே 4,410. லொபுசே 4,940. கோரக்‌ஷெப் 5,164. உங்கள் பிள்ளைகள் பாக்டிங்குக்குப் பிறகு வரும் ஐந்தாவது இரவில் அங்கே படுக்கிறார்கள். உயர்மலை மருத்துவத்தில் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விதி எளிது: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். தெங்போசேயிலிருந்து டிங்போசேக்கு 550, அங்கிருந்து லொபுசேக்கு 530 என்று வழக்கமான திட்டமே கோட்டை உரசிக்கொண்டுதான் போகிறது. ஓய்வு நாள் இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் அது விதிக்குள் அடங்கும். அந்த இரண்டையும் பிடுங்கிவிட்டால் பிறகு அந்த அட்டவணையில் பாதுகாப்பு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

மாணவர்களைத் தேர்ந்தெடுக்க நீங்கள் வைத்திருக்கும் ஒரே தகுதி, 5 கிலோமீட்டரை 35 நிமிடத்தில் ஓடுவது. பயிற்சிக்கு வெள்ளியங்கிரி. கால் வலுவுக்கு இரண்டும் நல்லவை. உயரத்துக்கு இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். பாக்டிங் ஏறக்குறைய அதே உயரம். நம் ஊர் மலைகள் முடியும் இடத்தில்தான் அந்தப் பயணம் ஆரம்பிக்கிறது. மாநில அளவில் ஓடும் பிள்ளைக்கும், படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும் பிள்ளைக்கும் மலை உபாதை, அதாவது உயர நோய், வரும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. சொல்லப்போனால் ஓடுகிற பிள்ளைதான் எங்களுக்கு அதிகக் கவலை. முதல் ஆளாக லாட்ஜை அடைவான், பையைப் போட்டுவிட்டுப் பக்கத்து மேட்டுக்கும் ஏறுவான், தலைவலியை வெளியே சொல்ல மாட்டான்.

உயரம் கூடிய 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். கூடவே குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு, சோர்வு, தலைசுற்றல். இந்தக் கட்டத்தில் மருந்தே வேண்டாம்: ஏறாமல் அதே இடத்தில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஏறினால்தான் ஆபத்து. மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் நடை தள்ளாடும். தரையில் ஒரு கோடு கிழித்து, முன்காலின் குதிகாலைப் பின்காலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். நேற்று நடந்த பிள்ளையால் இன்று முடியாது. அடுத்து பேச்சு குழறும், ஆளை அடையாளம் தெரியாது, பிறகு மயக்கம். நுரையீரலில் நீர் கோப்பது இன்னொரு வகை. புது உயரத்துக்கு வந்த இரண்டாவது இரவிலிருந்து நான்காவது இரவுக்குள் பெரும்பாலும் தலைகாட்டும். எல்லாரோடும் நடந்தவன் திடீரென்று பின்தங்குவான், வறட்டு இருமல் வரும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இளஞ்சிவப்பு நுரை வரும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். தலைவலியே இல்லாமலும் இது வரலாம். சளி பிடித்த பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே, "லேசான சளிதான் சார்" என்ற சொல்லை நாம்சேக்கு மேலே யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான். குறைந்தது 1,000 மீட்டர், அல்லது அறிகுறி தீரும்வரை. நள்ளிரவானாலும் சரி. ஹெலிகாப்டர் இரவில் வராது. மேகம் இறங்கிவிட்டால் பகலிலும் வராது. கோரக்‌ஷெப்பில் இரவு 11 மணிக்கு ஒரு மாணவிக்கு மூச்சுத் திணறினால், இருட்டில் கல்லும் பனியுமான பாதையில் அவளைச் சுமந்து, கீழே மருத்துவ நிலையம் உள்ள பெரிச்சேவரை கொண்டுவர வேண்டும். அதற்குச் சுமக்க ஆள், கூட ஒரு பெரியவர், முடிந்தால் ஒரு பெண் துணை. 24 பேருக்கு இரண்டு ஆசிரியர் என்ற உங்கள் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒருவர் இறங்கிவிட்டால் 23 பேருக்கு ஒருவர். அடுத்த நாள் இன்னொரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் இறங்குவது? ஆள் இல்லை என்பதால்தான், "டோலோ ஒண்ணு போட்டுக்கோ, காலையில பாக்கலாம்" என்ற பதில் வருகிறது. அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். வேறு வழியில்லாத இடத்தில் அவரை நிறுத்தியது நீங்கள்.

லுக்லாவுக்கு வருவோம். சீசன் நேரத்தில் பல விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நான்கைந்து மணி நேரம் தள்ளியுள்ள ராமேச்சாப்பிலிருந்துதான். அதனால் நள்ளிரவு தாண்டியதுமே வண்டி ஏற வேண்டும். தூங்காத பிள்ளைகள் மலைப்பாதையில் வாந்தி எடுத்தபடி போய்ச் சேருவார்கள். அங்கே மேகம் மூடினால் அன்றைக்கு விமானமே இல்லை. இது அபூர்வம் அல்ல, அந்த ஓடுபாதையின் அன்றாடம். உபரி நாள் இல்லாத திட்டத்தில் அப்படி ஒரு நாள் போனால் என்ன ஆகும்? திரும்பும் டிக்கெட் மாறாது. எனவே மலையில் ஒரு நாளைத் திருடியாக வேண்டும். பாக்டிங்கில் தங்காமல் நேராக நாம்சே, அல்லது தெங்போசேயைத் தாண்டி நேராக டிங்போசே. இரண்டாவதைச் செய்தால் ஒரே நாளில் தூங்கும் உயரம் 970 மீட்டர் கூடிவிடும். காட்மாண்டுவில் மழை பெய்ததற்கு லொபுசேயில் ஒரு பிள்ளையின் மூளை விலை கொடுக்கும்.

பிள்ளைகள் ஏன் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? உங்கள் விதிமுறைகளின் ஏழாவது பத்தியைப் படியுங்கள்: "உடல்நலக் காரணத்தால் பாதியில் இறங்கும் மாணவருக்குக் கட்டணம் திருப்பித் தரப்படாது, கூடுதல் செலவை மாணவரே ஏற்க வேண்டும்." சான்றிதழ் அடிவார முகாமை எட்டியவர்களுக்கு மட்டும் என்று பத்தாவது பத்தி சொல்கிறது. கடன் வாங்கிப் பணம் கட்டிய வீட்டுப் பிள்ளை இந்த இரண்டையும் படித்தபின் தலைவலி என்று வாயைத் திறக்குமா? உயர நோய் பற்றி நீங்கள் எத்தனை வகுப்பு எடுத்தாலும், அந்த இரண்டு வரிகள் எடுக்கும் வகுப்புதான் அவர்கள் மனதில் நிற்கும்.

ஆகவே குழுத் தலைவரானவர் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். காலையும் மாலையும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு தலைவலி, வயிறு, சோர்வு, தலைசுற்றல் நான்கையும் கேட்டு எண் போட்டுத் தாளில் எழுதுவது ஒரு பக்கம். தட்டில் எவ்வளவு சோறு மிச்சம், யார் பேச்சைக் குறைத்துக்கொண்டார், யார் ஷூவைக் கழற்றாமல் அப்படியே படுத்தார் என்பது இன்னொரு பக்கம். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கோரக்‌ஷெப்பில் நன்றாக இருக்கும் பிள்ளைக்கே 75 முதல் 85 வரை காட்டும். குளிர்ந்த விரலில் அதற்கும் கீழே காட்டும். யாருக்கு எண் அதிகம் என்று பிள்ளைகள் போட்டி போடத் தொடங்கிவிடுவார்கள், அதுவும் நடக்கும். கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, நேற்றைய எண்ணோடும் கூட இருப்பவர்களின் எண்ணோடும் ஒப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம்.

இனி உங்கள் மருந்துப் பெட்டி. பட்டியலை வரிவரியாகப் படித்தோம். ஆக்ஸிஜன் கேன் 4, ஒவ்வொன்றும் 10 லிட்டர். நுரையீரலில் நீர் கோத்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் தேவை. 2 லிட்டர் என்றே வைத்தாலும் ஒரு கேன் ஐந்து நிமிடம்; நான்கும் சேர்ந்து இருபது நிமிடம். கோரக்‌ஷெப்பிலிருந்து கீழே இறங்கப் பல மணி நேரம் ஆகும். உண்மையான சிலிண்டர், ரெகுலேட்டர், முகமூடி மூன்றும் வேண்டும். ரெகுலேட்டர் அந்த சிலிண்டரில் பொருந்துகிறதா என்று காட்மாண்டுவிலேயே மாட்டித் திறந்து பார்க்க வேண்டும். அடுத்த வரி, டெக்ஸாமெத்தசோன் 0.5 மில்லிகிராம், 10 மாத்திரை. மூளை வீக்கத்துக்குப் பெரியவருக்கு முதல் வேளையே 8 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4. உங்கள் அட்டை முழுவதையும் ஒரே வாயில் போட்டாலும் 5 மில்லிகிராம்தான். முதல் வேளைக்கு மட்டும் 16 மாத்திரை வேண்டும். சிறுவர்களுக்கு எடையைப் பார்த்து, கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், ஒரு வேளை 4-ஐத் தாண்டாமல். இதைப் பட்டியலிட்டவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார், அளவைக் கேள்விப்படவில்லை.

பட்டியலில் சூடமும் இருக்கிறது. மோந்து பார்த்தால் மூச்சு நன்றாக வரும் என்று மலையேறுபவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை. மூக்கு திறந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு புள்ளிகூட ஏறாது. லாட்ஜ்களில் கொடுக்கும் பூண்டு சூப்பும் அப்படியே. சூப்பாகக் குடியுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம்.

மலை உபாதையைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி இரண்டு வார்த்தை. 24 பேருக்கும் ஒரே அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். தடுப்புக்குப் பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம், அதாவது இங்கே கிடைக்கும் 250 மாத்திரையில் பாதி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சிறுவர்களுக்கு எடைக்கணக்கில், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 125-ஐத் தாண்டாமல். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஊரிலேயே ஒரு வேளை கொடுத்துப் பார்ப்பது நல்லது. இதைவிட முக்கியம்: ஓய்வு நாளை வெட்டிவிட்டு அதற்கு ஈடாக டயமாக்ஸ் கொடுப்பது சிகிச்சை ஆகாது.

உடல்தகுதிப் படிவம் அரைப் பக்கம். "மேற்படி மாணவர் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார்" என்று அச்சடித்து, கீழே மருத்துவர் கையெழுத்து. கிளம்புவதற்கு ஐந்து நாளைக்கு முன் கொடுத்தால் போதுமாம். அந்த ஐந்து நாளில் எதைச் சரிசெய்ய முடியும்? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கடல் மட்டத்தில் களைப்பாக மட்டும் தெரிவது அங்கே பாதிக் காற்றில் வேறாகத் தெரியும். எட்டு வாரத்துக்கு முன் ஹீமோகுளோபின் பார்த்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ஏற்றிவிடலாம். ஐந்து நாளில் முடியாது. நீலகிரிப் பழங்குடி மாணவர்கள் குழுவில் இருந்தால் சிக்கிள் செல் எனும் பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை கட்டாயம். நோயாக இல்லாமல் மரபுக்கூறு மட்டும் இருப்பவருக்கும் உயரத்தில் மண்ணீரல் பாதிக்கப்படலாம். யாரையும் ஒதுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைக்கு வேறு மலை, வேறு உயரம் தேர்ந்தெடுக்கலாம். பிறவி இருதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, முதல் வகை நீரிழிவு எல்லாவற்றுக்கும் தனித்தனி திட்டம் வேண்டும். இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும். இரவில் உடலோடு ஒட்டி ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்க வேண்டும். குளுகோமீட்டரும் குளிரில் வேலை செய்யாது, அதுவும் அங்கேதான்.

தண்ணீர் விஷயம் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் சிக்கும். உயரம் ஏற ஏறக் கொதிக்க வைத்த தண்ணீரின் விலையும் ஏறும். எரிபொருளை மேலே சுமந்து வர வேண்டுமே. உங்கள் கட்டணத்தில் மூன்று வேளைச் சாப்பாடு உண்டு, தண்ணீர் கிடையாது. கைச்செலவுக்குக் கொஞ்சமாகப் பணம் கொண்டுவந்த பிள்ளை முதலில் வெட்டுவது தண்ணீரைத்தான். மாணவிகளுக்கு இன்னொரு காரணமும் சேரும். பாதையில் கழிப்பறை அரிது, இரவில் லாட்ஜுக்கு வெளியே உறைந்த தரையில் நடந்து போக வேண்டும். மாதவிடாய் நாளானால் சொல்லவே வேண்டாம். மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூட இறக்க மாட்டார்கள். அடுத்த நாள் தலைவலி வரும். அது நீர் வற்றியதாலா, உயரத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் எல்லாரும் தடுமாறுவார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றும் தேடி வரும்.

குளோரின் மாத்திரை போட்டால் அரைமணி நேரம் காக்க வேண்டும், பனிக்குளிர் நீரில் அதற்கும் மேலே. அப்படியும் சைக்லோஸ்போரா சாகாது. மே மாதத்திலிருந்து மழைக்காலம் முழுக்க நேபாளத்தில் பயணிகளை வாரக்கணக்கில் வயிற்றால் போட்டு வாட்டும் ஒட்டுண்ணி அது. கொதிக்க வைப்பதே சிறந்தது. அந்த உயரத்தில் 83, 84 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும், ஆனாலும் மூன்று நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமிக்கு அது போதும். நுண்துளை வடிகட்டி கொண்டுபோனால் இரவில் வெளியே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் நீர் உறைந்தால் இழை வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாம்சேக்கு மேலே இறைச்சி வேண்டவே வேண்டாம். இந்தப் பாதை போகும் கும்பு பகுதியில் விலங்குகளை வெட்டுவதில்லை. கறியெல்லாம் கீழேயிருந்து நாள்கணக்கில் முதுகில் ஏறி வருவது. பருப்பும் சோறும் போதும். உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கு உலகச் சுகாதார நிறுவன அளவிலான பொட்டலம், ஒரு லிட்டருக்கு ஒன்று, ஆளுக்கு குறைந்தது ஆறு. டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்பு பானத்தை வாங்கி அடுக்காதீர்கள். அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது.

காட்மாண்டுவில் சுற்றிப்பார்க்க ஒதுக்கிய அரைநாளும் ஆபத்தில்லாதது அல்ல. சுயம்புநாத்திலும் பசுபதிநாத்திலும் குரங்கு கையிலிருப்பதைப் பிடுங்கும், கீறும், கடிக்கும். கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். இரத்தம் வந்த கடியென்றால் வெறிநோய்த் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டும், அது மலையில் கிடைக்காது. கிளம்பும் முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டிருந்தால், கடித்தபின் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ஊசி மட்டும் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. உங்கள் சுற்றறிக்கையில் வெறிநோய் என்ற சொல்லே இல்லை. டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகைத் தடுப்பூசிகளும் இல்லை.

அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் பற்றியும் ஒரு வரி இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில், கேரளத்திலிருந்து போன எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். ஜன்னலைச் சாத்தி கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கியிருந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்கும் அறையில் எரிகிற எதுவும் கூடாது. பேட்டரியில் ஓடும் சிறிய அலாரம் ஒன்று இரவு மாணவர்கள் படுக்கும் ஒவ்வொரு அறையிலும் தொங்கட்டும்.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம் என்கிறீர்கள். பாலிசியின் விலக்குகளைப் படித்தீர்களா? பல பயணப் பாலிசிகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே செல்லாது, சில மலையேற்றத்தையே சாகச விளையாட்டு என்று தள்ளிவிடும். ஹெலிகாப்டரைக் கூப்பிடும் முன் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும். சிறு உபாதைக்கெல்லாம் ஹெலிகாப்டர் ஏற்றி இன்சூரன்ஸில் பணம் பறித்த மோசடியை நேபாள அரசு 2018-இல் விசாரித்த பிறகு, கம்பெனிகள் கேள்விமேல் கேள்வி கேட்கின்றன. அந்த 24 மணி நேரத் தொலைபேசி எண் கைடிடமும் ஆசிரியரிடமும் காகிதத்தில் இருக்க வேண்டும். செல்போன் பேட்டரி குளிரில் செத்துவிடும்.

சின்னஞ்சிறு வயதில் அடிவார முகாமை எட்டிச் சாதனை என்று விளம்பரம் போடும் ஏற்பாட்டாளர்களுக்குத் தனியாக ஒன்று. எவரெஸ்ட் ஏற நேபாளம் 16 வயதுக்குக் கீழ் அனுமதிப்பதில்லை. அடிவார முகாமுக்கு அந்த வரம்பு இல்லை. அந்த இடைவெளியில் நீங்கள் கடை விரித்திருக்கிறீர்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சிணுங்கும், சாப்பிடாது, விளையாடாது, தூங்காது. இதே நான்கும் களைத்த எந்தக் குழந்தையும் செய்வதுதான். காரணம் எதுவானாலும் உயரம் என்றே கொண்டு இறங்க வேண்டும் என்பது மருத்துவம். சாதனைக்குத் தேதி குறித்துவிட்ட அப்பா இறங்குவாரா? சான்றிதழ் வழங்கும் சாதனைப் புத்தகக்காரர்களும் இதில் பங்காளிகள்.

உங்கள் பிள்ளைகளின் பையைச் சுமப்பவர்களிலும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் உண்டு. உயர நோய் அவர்களையும் விடாது. அவர்கள் கீழ்நாட்டுக்காரர்களாக இருந்தால் உங்கள் மாணவர்களைப் போலத்தான். ஆளுக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். கையுறை, கண்ணாடி, இன்சூரன்ஸ் அவர்களுக்கும் எடுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

11 நாள் திட்டத்தை ரத்து செய்யுங்கள். நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போசேயில் இரண்டு இரவு, விமானத்துக்கு இரண்டு உபரி நாள். உபரி நாள் பயன்படவில்லை என்றால் இறங்கிவந்து காட்மாண்டுவில் செலவிடுங்கள். விமானம் தாமதமானதற்காக மலையில் ஒரு நாளும் குறையக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். 15 நாள் விடுப்பு கிடைக்காதென்றால் நாம்சே வரை போய்த் திரும்புங்கள். எவரெஸ்ட் சிகரம் அங்கே ஊருக்கு மேலேயுள்ள மேட்டில் ஏறினாலே கண்ணுக்குத் தெரியும்.

ஏழாவது, பத்தாவது பத்திகளை நீக்குங்கள். இறங்கும் செலவு கட்டணத்துக்குள் அடங்கட்டும், கொதித்த தண்ணீரும் அப்படியே. போன எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்.

எட்டு மாணவருக்கு ஒரு பெரியவர், அவர்களில் பெண்கள் கட்டாயம். எந்தப் பிள்ளையையும் இறக்கும் அதிகாரம் கைடுக்கும் ஆசிரியருக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். சென்னையைக் கேட்க வேண்டியதில்லை. டிங்போசே ஓய்வு நாளில் குழு முழுவதும் மேட்டைத் தாண்டிப் பெரிச்சே போய், ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் நடத்திவரும் நிலையத்தில் மருத்துவர்கள் சீசனில் தினமும் கொடுக்கும் உயர நோய் விளக்கத்தைக் கேட்கட்டும்.

மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசிகளும் கிளம்புவதற்கு எட்டு வாரம் முன்பே முடியட்டும். மருந்துப் பெட்டியின் பட்டியலை, ஒவ்வொரு மாணவரின் எடைக்கேற்ற அளவோடு, ஒரு மருத்துவர் கையெழுத்திட்டுப் பெற்றோருக்கு அனுப்புங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்கான பெற்றோர் ஒப்புதல் கடிதம், பாலிசியின் முழு நகல் இரண்டும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.

அரசுத் துறைகளுக்கு: குரங்கணித் தீக்குப் பிறகு, 2018-இல் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அவை நம் காட்டு எல்லையோடு நின்றுவிடுகின்றன. மாணவர்களை வெளிநாட்டு மலைக்கு அழைத்துச் செல்லும் எந்த நிறுவனமும் தினசரி உயர அட்டவணை, ஆள் விகிதம், மருத்துவத் திட்டம், இன்சூரன்ஸ் நான்கையும் முன்கூட்டியே சமர்ப்பித்து அனுமதி பெற வேண்டும் என்று ஆணை பிறப்பியுங்கள். பிரிட்டன் இதற்கென 2007-இலேயே பி.எஸ். 8848 என்ற தர விதியை வெளியிட்டது; எவரெஸ்ட்டின் உயரத்தையே அதற்கு எண்ணாக வைத்தார்கள். முன்மாதிரிக்கு அதை எடுத்துப் பாருங்கள்.

அக்டோபர் அணிக்குப் பணம் வாங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று தெரிகிறது. திருத்திய அட்டவணை பெற்றோர் கைக்குப் போகும்வரை அடுத்த தவணையை வசூலிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உயர்மலை மருத்துவத்திலும் மலை வழிகாட்டலிலும் பணிபுரிவோர்